நேர்த்திக்கடனும் தம்பி தரவேண்டிய கடனும்

கேள்வி: தங்கச்சிமடம் பக்கம் கடற்கரை ஊர் எங்களுக்கு. போன வருசம் என் மகனை இலங்கையில் பிடித்து இரண்டு மாதம் சிறையில் வைத்திருந்தார்கள். அவன் திரும்பி வந்தால் நானும் அவனும் ஓரியூர் அருளானந்தர் கோயிலுக்குச் செருப்பில்லாமல் நடந்து வருகிறோம் என்று நேர்ந்துகொண்டேன். வந்துவிட்டான். எனக்கு மூட்டுத் தேய்மானம், நடக்க முடியவில்லை. அவன் மாட்டேன் என்கிறான். காரணம் என் தம்பி. விசைப்படகுக்குப் போகிறவன், இரண்டு வருசமாக ஒரு ஜெபக்கூட்டத்தில் சேர்ந்திருக்கிறான். "மெழுகுதிரி, நடை, நோன்பு எல்லாம் கிரியை. கிரியையால் யாரும் இரட்சிக்கப்படுவதில்லை. நீ இன்னும் இரட்சிக்கப்படவில்லை" என்கிறான். என் மாமியாரோ, "நம்ம வேர்க்காட்டு சந்தியாகப்பரே கிரியை வேணும்னு எழுதி வச்சிருக்காரு" என்கிறார். அப்பா விட்டுப்போன வல்லத்தை (நாட்டுப்படகை) விற்றதில் என் பங்கு 80,000 ரூபாய் தம்பி தரவேண்டும், மூன்று வருசம் ஆகப்போகிறது. கேட்டால் "பழையவைகள் ஒழிந்துபோயின அக்கா" என்று வசனம் சொல்கிறான். நேர்ச்சையை விட்டால் மகனுக்கு மறுபடி ஏதாவது ஆகுமோ என்று பயமாக இருக்கிறது. யார் சொல்வது சரி?

பதில்: சகோதரி, யார் சொல்வது சரி என்பதைப் பிறகு பார்ப்போம். முதலில் உங்கள் பயம். ஓரியூருக்கு நடக்கவில்லை என்பதற்காகக் கடவுள் உங்கள் மகனை மறுபடி பிடித்துக்கொடுக்க மாட்டார். லூக்கா 17ஆம் அதிகாரத்தில் பத்துத் தொழுநோயாளிகள் குணமாகிறார்கள். ஒருவன் மட்டும் நன்றி சொல்லத் திரும்பி வருகிறான். "மற்ற ஒன்பது பேர் எங்கே?" என்று இயேசு கேட்கிறார். அதற்காக வருந்தியும் இருக்கலாம். ஆனால் அந்த ஒன்பது பேருக்கும் நோய் திரும்ப வந்தது என்று ஒரு வரிகூட அங்கே கிடையாது.

இந்தப் பயத்தை நாம் வேதத்தில் படிக்கவில்லை, கரையில் படித்தோம். மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்கினால் பிடித்த மீன் அத்தனையும் அவரிடம்தான் போட வேண்டும், அவர் வைத்ததுதான் விலை, கடன் தீரும்வரை வேறு ஆளிடம் போக முடியாது. அதே கணக்கைக் கடவுள்மேலும் போட்டுவிடுகிறோம். மகனைக் கொடுத்தார், நான் இன்னும் அடைக்கவில்லை, எடுத்துக்கொண்டு போய்விடுவார். 'நேர்த்திக்கடன்' என்ற சொல்லிலேயே கடன் ஒட்டிக்கொண்டிருப்பதும் இதற்கு ஒத்தாசை.

பவுல் இந்தக் கணக்கைத்தான் உடைக்கிறார். உரோமர் 4:4: "கிரியை செய்கிறவனுக்கு வருகிற கூலி கிருபையென்றெண்ணப்படாமல், கடனென்றெண்ணப்படும்." கடலுக்குப் போய் வந்தவனுக்குப் பங்கு கொடுப்பது படகுக்காரரின் தயவு இல்லை, கொடுத்தே தீர வேண்டிய பணம். மீட்பு அந்த மாதிரிப் பணமில்லை என்கிறார் பவுல். பலர் இதில் பாதியைத்தான் காதில் வாங்குகிறார்கள். முன்னாலேயே உழைத்துச் சம்பாதிக்க முடியாது என்பதை ஒத்துக்கொள்வார்கள். வாங்கியபின் கொஞ்சம் கொஞ்சமாக உழைத்து அடைத்துவிட வேண்டும் என்று நினைப்பார்கள். முன்னால் கட்டினாலும் பின்னால் கட்டினாலும் விலை விலைதான். ஆக, உங்கள் தம்பி சொல்வதன் அடிப்படை சரி. உங்கள் நடை உங்கள் மகனை விலைக்கு வாங்கவில்லை.

உங்கள் வீட்டுச் சண்டையில் பாதி, மொழிபெயர்ப்பால் வந்தது. தம்பி கையில் இருப்பது பழைய மொழிபெயர்ப்பு வேதாகமம், உங்கள் வீட்டில் இருப்பது 1995இல் வந்த திருவிவிலியம் என்று வைத்துக்கொள்கிறேன். 1 கொரிந்தியர் 13:13ஐ இரண்டிலும் எடுத்துப் பாருங்கள். அவருடையதில் விசுவாசம், நம்பிக்கை, அன்பு. உங்களுடையதில் நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு. அவருக்கு 'நம்பிக்கை' என்பது வரப்போவதற்குக் காத்திருப்பது. உங்களுக்கு அதே சொல் விசுவாசம். 'நீதிமானாக்கப்படுதல்' என்று அவர் வாசிப்பது உங்கள் புத்தகத்தில் 'ஏற்புடையவர் ஆதல்'. ஒரே பொருளை இரண்டு பெயரிலும், ஒரே பெயரை இரண்டு பொருளிலும் வைத்துக்கொண்டு பேசினால் சண்டை ஓயாது.

'கிரியை' இன்னும் சிக்கல். தமிழ்க் காதுக்கு அது சடங்கு. சைவர்கள் சரியை, கிரியை என்பார்கள். செத்த வீட்டிலும் கிரியை செய்வார்கள். அதனால் 'கிரியை வேண்டாம்' என்று கேட்டதும் தம்பியின் கண் மெழுகுதிரிக்கும் நடைக்கும் போகிறது, 80,000 ரூபாய்க்குப் போகவில்லை. அந்தச் சொல்லுக்கு மூலத்தில் வெறும் 'செயல்' என்றே பொருள். திரியேற்றுவதும் செயல், கடனைத் திருப்பாமல் இருப்பதும் செயல்.

இனி வசனங்கள். எபேசியர் 2:8, 9 தம்பிக்கு மனப்பாடமாக இருக்கும்: "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்... ஒருவரும் பெருமைபாராட்டாதபடிக்கு இது கிரியைகளினால் உண்டானதல்ல." பத்தாம் வசனத்தையும் அவர் வாயாலேயே வாசிக்கச் சொல்லுங்கள். 'ஏனெனில்' என்று தொடங்கி, "நற்கிரியைகளைச் செய்கிறதற்கு நாம் கிறிஸ்து இயேசுவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டு" என்று போகும். 'கிரியைகளினால்' என்பதை ஒன்பதில் மறுத்த பவுல், 'கிரியைகளைச் செய்கிறதற்கு' என்று பத்தில் எழுதுகிறார். வேற்றுமை உருபு மாறியிருக்கிறது. மூன்று வசனமும் ஒரே மூச்சு. இரண்டோடு நிறுத்துவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

சந்தியாகப்பர் என்றால் யாக்கோபு. உங்கள் மாமியார் செய்யும் தவறு, கிரியையும் வேண்டும் என்கிற யாக்கோபு 2:24இல் தொடங்குவது. 14இலிருந்து வாசிக்க வேண்டும்: "ஒருவன் தனக்கு விசுவாசமுண்டென்று சொல்லியும், கிரியைகளில்லாதவனானால்..." 'உண்டென்று சொல்லியும்' என்பதைக் கவனியுங்கள். யாக்கோபின் முன்னால் நிற்பவன் விசுவாசம் உள்ளவனில்லை, இருப்பதாகச் சொல்கிறவன். பசியோடும் துணியில்லாமலும் வந்தவரிடம் "குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று வாயால் சொல்லி அனுப்புகிறவன். பிசாசுகளும் கடவுள் ஒருவர் உண்டென்று விசுவாசித்து நடுங்குகின்றன என்று 19இல் வருகிறது. அந்த விசுவாசம் தகவலை ஒத்துக்கொள்வது. பவுலின் விசுவாசம் தன்னையே ஒப்புக்கொடுப்பது. பவுலின் முன்னால் நிற்பவர்களும் வேறு. விருத்தசேதனம் (நுனித்தோலை நீக்கும் யூதச் சடங்கு) செய்துகொண்டால்தான் மீட்பு என்று மிரட்டப்பட்ட புறவினத்தார் அவர்கள். மிரண்டு நிற்பவனிடம் பேசுவதுபோல, மெத்தனமாக உட்கார்ந்திருப்பவனிடம் பேச முடியாது.

இரண்டு பேரும் ஆபிரகாமையே சாட்சிக்கு இழுப்பதால் முரண்பாடு போலத் தெரிகிறது. வயதைக் கணக்குப் போட்டால் தெளியும். ஆரானை விட்டுப் புறப்படும்போது ஆபிரகாமுக்கு 75 வயது. இஸ்மவேல் பிறந்தபோது 86. விருத்தசேதனம் 99இல். ஈசாக்கு பிறந்தது 100இல். "அவன் கர்த்தரை விசுவாசித்தான், அதை அவர் அவனுக்கு நீதியாக எண்ணினார்" என்பது ஆதியாகமம் 15:6. இஸ்மவேல் பிறப்பதற்கு முன், அதாவது 86க்குள். விருத்தசேதனத்துக்குப் பதின்மூன்று ஆண்டுக்கும் முன்னாலேயே அவன் நீதிமான் என்பதுதான் உரோமர் 4இல் பவுல் வைக்கும் வாதம். யாக்கோபு எடுத்துக்கொள்வது ஆதியாகமம் 22, ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலிகொடுக்கத் துணிந்த நிகழ்ச்சி. விறகைத் தானே சுமந்து மலையேறும் வயதுக்கு ஈசாக்கு வளர்ந்தபின் நடந்தது. முதலாவதில் உறவு தொடங்குகிறது, இரண்டாவதில் அந்த உறவு உயிரோடிருப்பது தெரிகிறது. 15 இல்லாமல் 22 இல்லை. 22 வராவிட்டால் 15 வெறும் பேச்சாகப் போயிருக்கும்.

மாமியாருக்கு ஒரு திருத்தம், மெதுவாகச் சொல்லுங்கள். வேர்க்காட்டிலும் மூக்கையூரிலும் நாம் கொண்டாடும் சந்தியாகப்பர் செபதேயுவின் மகன், யோவானின் அண்ணன், வலையை விட்டுவிட்டு வந்த மீனவர். ஏரோது அவரை வாளால் கொன்றதைத் திருத்தூதர் பணிகள் 12:2 சொல்கிறது. கடிதத்தை எழுதியவராக மரபு சொல்வது வேறு யாக்கோபை. ஆண்டவரின் சகோதரர் என்று அழைக்கப்பட்ட, எருசலேம் சபைத் தலைவரை. கொடியேற்றத்துக்கு இதனால் ஒரு குறையும் இல்லை.

"கத்தோலிக்கர் கிரியையால் மீட்பு என்கிறார்கள்" என்ற பேச்சும் உங்கள் வீட்டில் அடிபட்டிருக்கும். கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரிதெந்து பொதுச்சங்கம் 1547 ஜனவரி 13இல் வெளியிட்ட 33 விதிகளில் முதலாவதே அதை மறுக்கிறது. கிறிஸ்துவின் அருளின்றித் தன் சொந்தச் செயலால் ஒருவன் கடவுள்முன் ஏற்புடையவன் ஆகலாம் என்று சொல்பவனை அது விலக்குகிறது. மறுபக்கம், விசுவாசத்தால் ஏற்புடையவர் ஆகிறோம் என்கிற உரோமர் 3:28ஐ 1522இல் ஜெர்மனில் பெயர்த்தபோது, விசுவாசத்தால் 'மட்டும்' என்று அந்தச் சொல்லைச் சேர்த்தவர், கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து பிரிந்த சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர். யாக்கோபின் கடிதத்தை வைக்கோல் என்றும் எழுதினார். அந்த வரி பின்வந்த பதிப்புகளில் இல்லை. அதே லூத்தர்தான் உரோமருக்கு எழுதிய முன்னுரையில், நெருப்பிலிருந்து சூட்டையும் வெளிச்சத்தையும் பிரிக்க முடியாததுபோல விசுவாசத்திலிருந்து நற்செயலைப் பிரிக்க முடியாது என்றார். 1999 அக்டோபர் 31இல் ஆக்ஸ்பர்க்கில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் சேர்ந்து கையெழுத்திட்ட அறிக்கையின் சாரம் இதுதான்: நம் தகுதியால் அல்ல, அருளால் மட்டுமே, கிறிஸ்துவின்மேல் வைக்கும் விசுவாசத்தில் ஏற்றுக்கொள்ளப்படுகிறோம், அந்த அருளே நம்மை நற்செயலுக்கு அனுப்புகிறது. 2006இல் மெதடிஸ்டுகளும் இதில் சேர்ந்தார்கள். தனி ஜெபக்கூட்டங்கள் இந்த அறிக்கைக்குக் கட்டுப்பட்டவை இல்லை, ஆகையால் தம்பியிடம் இதைக் காட்டி வாதாடிப் பயனில்லை. எபேசியர் 2:10 போதும்.

"நீ இன்னும் இரட்சிக்கப்படவில்லை" என்பதற்குச் சுருக்கமான பதில்: பவுல் அந்த வினைச்சொல்லை மூன்று காலத்திலும் எழுதுகிறார். இரட்சிக்கப்பட்டிருக்கிறோம், உரோமர் 8:24. இரட்சிக்கப்படுகிறோம், 1 கொரிந்தியர் 1:18. இரட்சிக்கப்படுவோம், உரோமர் 5:9. ஒரு தேதியைச் சொல்லி அன்றோடு முடிந்தது என்பது முதலாவதை மட்டும் பிடித்துக்கொள்வது. தண்ணீராலும் மூவொரு கடவுள் பெயராலும் நீங்கள் பெற்ற திருமுழுக்கு செல்லும். கத்தோலிக்கத் திருச்சபையில் அதை இன்னொரு தடவை கொடுப்பதில்லை.

கடன் விசயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை. "பழையவைகள் ஒழிந்துபோயின" என்பது 2 கொரிந்தியர் 5:17. புதுப் படைப்பான மனிதனைப் பற்றிய வசனம் அது, கணக்கு நோட்டைப் பற்றியது இல்லை. அதை எழுதிய பவுல் கடன் வந்தபோது என்ன செய்தார் என்று பிலேமோனுக்கு எழுதிய கடிதத்தில் பாருங்கள். ஒரே அதிகாரம், ஐந்து நிமிடத்தில் வாசித்துவிடலாம். ஒநேசிமு என்ற அடிமை பவுலிடம் வந்து விசுவாசியாகிவிட்டான். எசமானிடம் திருப்பி அனுப்பும்போது, "அவன் புது மனுசன், பழைய கடன் ஒழிந்தது" என்று பவுல் எழுதவில்லை. உம்மிடத்தில் கடன்பட்டிருந்தால் "அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்" என்று எழுதி, "நான் அதைச் செலுத்தித் தீர்ப்பேன்" என்று தன் கையாலேயே உறுதி கொடுக்கிறார். விசுவாசத்தைப் பற்றி அவரைவிட அதிகம் பேசியவர் புதிய ஏற்பாட்டில் இல்லை. வரி வசூலிப்பவனான சகேயு, தன் வீட்டுக்கு இயேசு வந்தபின், அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் திருப்புகிறேன் என்று எழுந்து நிற்கிறான். பணத்தைக் கொடுத்து இயேசுவை வரவழைக்கவில்லை. அவர் வந்து உட்கார்ந்ததும் பை தானாகத் திறந்தது.

கத்தோலிக்கர் பக்கத்திலும் இதே ஓட்டை உண்டு. பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டால் கணக்கு தீர்ந்தது என்று நினைப்பவர்கள் எத்தனையோ பேர். பாவமன்னிப்பு பாவத்தை நீக்குகிறது. அது உண்டாக்கிய சேதத்தைச் சரிசெய்வதில்லை, எடுத்ததைத் திருப்பித்தர வேண்டும் என்று திருச்சபையின் மறைக்கல்வி (1459, 2412) வெளிப்படையாகச் சொல்கிறது.

தம்பியிடம் எப்படிக் கேட்பது? லேவியராகமம் 6:5 முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது. 80,000க்கு 16,000 சேர்த்து 96,000. அதைக் கேட்காதீர்கள், அந்தச் சட்டம் நம்மைக் கட்டாது. முதலை மட்டும் கேளுங்கள். மாதம் 8,000 வீதம் பத்துத் தவணை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரருக்கு வரும்படி கிடையாது, அந்த மாதங்களை விட்டுவிடுங்கள். தொகை, எதற்கான பணம், தவணை, தேதி, இருவர் கையெழுத்து, இவ்வளவும் ஒரு தாளில் இருக்கட்டும். பணம் கேட்டு வழக்குப் போடப் பொதுவாக மூன்று ஆண்டுதான் கெடு. அது முடியுமுன் எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் அன்றிலிருந்து கெடு புதிதாகத் தொடங்கும். உங்களுக்கு நாள் நெருங்குகிறது, இந்த வாரமே ஒரு வக்கீலைப் பாருங்கள். தம்பி மறுத்தால் நான் அவர் விசுவாசத்தை எடைபோட மாட்டேன், நீங்களும் போடாதீர்கள். யாக்கோபு 2:14ஐ வாசித்துக் காட்டிவிட்டுப் பேசாமல் இருங்கள்.

இனி நேர்ச்சை. திருச்சபைச் சட்டத்தில் 1191 முதல் 1198 வரை இதற்கென்றே விதிகள் உண்டு. யோசித்து, சுதந்திரமாக, செய்யக்கூடிய ஒரு நல்ல காரியத்தைக் கடவுளுக்கு வாக்களிப்பதுதான் நேர்ச்சை. கடுமையான, அநியாயமான மிரட்டலுக்குப் பயந்து செய்தது செல்லாது. மகனைப் பற்றிய கவலை அந்த வகைப் பயத்தில் சேராது, ஆகவே உங்கள் நேர்ச்சை செல்லும். ஆனால் 1193ஆம் விதிப்படி நேர்ச்சை நேர்ந்தவரை மட்டுமே கட்டும். 'நானும் அவனும்' என்றீர்களே, அதில் 'அவனும்' உங்களால் கொடுக்க முடியாத வாக்கு. மகன் நடக்க வேண்டிய கடமை இல்லை. அவனை வற்புறுத்துவதை இன்றோடு விட்டுவிடுங்கள். மாமா பேச்சைக் கேட்டு மறுத்தானா, தானாக மறுத்தானா என்ற விசாரணையும் வேண்டாம்.

உங்கள் பாதிக்கு 1197 வழி காட்டுகிறது. நேர்ந்ததற்குச் சமமான அல்லது அதைவிட மேலான நற்செயலாக நீங்களே மாற்றிக்கொள்ளலாம், யார் அனுமதியும் தேவையில்லை. அதைவிடக் குறைவானதாக மாற்ற வேண்டுமானால் விலக்கு அளிக்கும் அதிகாரம் உள்ளவரிடம் போக வேண்டும். உங்கள் பங்குத்தந்தைக்கே அந்த அதிகாரம் உண்டு (1196). மூட்டுத் தேய்மானம் நியாயமான காரணம், மருத்துவச் சீட்டு கேட்க மாட்டார். எது சமம், எது குறைவு என்று மனம் உறுத்திக்கொண்டே இருக்கும் சுபாவம் உங்களுக்கு இருப்பதுபோல் கடிதத்தில் தெரிகிறது. அதனால் நேராகப் பங்குத்தந்தையிடமே போவது நல்லது.

என்ன மாற்றிக் கேட்கலாம்? இராமநாதபுரம், தொண்டி வழியாக ஓரியூருக்குப் பஸ்ஸில் போய், பாவசங்கீர்த்தனம் செய்து, ஒரு திருப்பலி கண்டு வாருங்கள். கூடவே, உங்கள் ஊரில் இன்னும் சிறையிலிருந்து திரும்பாத பிள்ளை யாராவது இருந்தால் அந்த வீட்டுக்கு ஒரு மாத அரிசி, பருப்பு. நகையை அடகு வைத்துச் செய்ய வேண்டாம். முடிந்த அளவு போதும்.

ஓரியூரைச் சொன்னதால் ஒன்று. 1693 பிப்ரவரி 4 அன்று, போர்ச்சுக்கலிலிருந்து வந்த மறைப்பணியாளரான அருளானந்தர் அங்கே வெட்டப்பட்டதற்கு உடனடிக் காரணம் தடியத்தேவன் என்ற மறவர் தலைவர். நோய் தீர்ந்த நன்றியில் திருமுழுக்குக் கேட்டார். ஒரு மனைவியோடு மட்டும் வாழ வேண்டும் என்றார் அருளானந்தர். அவர் அப்படியே மற்ற மனைவியரை விலக்கினார். அவர்களில் ஒருத்தி இராமநாதபுரம் மன்னர் சேதுபதியின் உறவுக்காரப் பெண்; முறையீடு அரண்மனைக்குப் போய் ஓரியூரில் முடிந்தது. விலக்கப்பட்ட பெண்களின் பாட்டை அன்று யார் நினைத்தார்கள் என்ற கேள்வி எனக்கு உண்டு, அது தனிக் கதை. ஆனால் நோய் தீர்ந்ததற்குக் கைமாறாக அருளானந்தர் அவரிடம் நடையும் கேட்கவில்லை, பொன்னும் கேட்கவில்லை. வீட்டுக்குள் ஒரு காரியத்தைச் சரிசெய்யச் சொன்னார்.

பங்குத்தந்தையிடம் போகும்போது, நேர்ந்தபோது சொன்ன வார்த்தைகளை நினைவிருக்கும் வரை அப்படியே சொல்லுங்கள்: எங்கிருந்து நடப்பதாக, எத்தனை பேர், எந்த நாளுக்குள். நாள் எதுவும் குறிக்கவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள்; அப்படியானால் நீங்கள் இன்னும் தவணை தப்பவே இல்லை.